பாதிக் கூடு

வாரம் ஆறு நாள் செவ்வாய்ப்பேட்டையில்
கொலுசு நிறுக்கிறேன்.
பற்றவைக்கிற பொடி கூடினால் வெள்ளி கறுக்கும்.
குறைந்தால் என்றோ ஒரு நாள்
புது பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தியின் காலிலிருந்து
முத்து முத்தாய் உதிரும்.
அதனால் என் கண்
தராசின் கடைசி இலக்கத்தில் குடியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, கன்னங்குறிச்சி தாண்டி
மலையடிவாரத்தில் சுடுதளம்.
கிளப்பின் உரிமம், இரட்டைப் பூட்டு அலமாரி,
பதிவேட்டில் ஆளுக்கொரு கையெழுத்து.
ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிற பெனினா
முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள்.
இருபது கொண்டை ஊசி வளைவும்
வயிற்றை விட்டு இறங்கும்வரை
யாரோடும் பேசமாட்டாள்.

இரண்டு டப்பா.
ஒன்றில் உருண்டைப் பொடி, கசகசா மாதிரி.
அளவுக் குழலில் தண்ணீராய் இறங்கும்.
பத்துத் தோட்டாவுக்குப் பத்தும் ஒரே எடை.
மற்றதில் தட்டைப் பொடி, உமி மாதிரி.
குழலில் குறுக்கே விழுந்து அடைக்கும்,
விரலால் தட்டினால்தான் கீழே வரும்.
ஒன்றுக்கொன்று மில்லிகிராம் கணக்கில் ஏறுமாறு.
எங்கள் பட்டறையாய் இருந்தால்
கூலியில் பிடித்திருப்பார்கள்.

நான் எதை எடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா.

இருபத்தைந்து மீட்டர். முப்பத்திரண்டு போர்.
மணல் மூட்டைமேல் மணிக்கட்டை வைத்து
ஐந்து. பிறகு ஐந்து.
என் குண்டுகள்
ஒன்று ஓமலூரில், ஒன்று ஆத்தூரில்,
இரண்டு ராசிபுரம் போகும் வழியில்.
சேலத்தில் யாருமே இறங்கவில்லை.
உமியை அடைத்துக்கொண்டு பெனினா சுட்ட ஐந்தும்
ஓர் எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கின.

கை என்றேன்.
மூச்சு என்றேன்.
சேர்வராயன் மேலிருந்து இறங்குகிற காற்று என்றேன்.
துப்பாக்கியை மாற்றிக்கொண்டோம்.
ஓமலூர் ஓமலூராகவே இருந்தது.
வேகம் காட்டும் பெட்டியில்
என் எண்கள் மட்டும் ஆட்டுக்குட்டியாய்த் துள்ளின.
அப்புறம் என்னுடைய பொடியையே அவள் சுட்டாள்.
எலுமிச்சை சாத்துக்குடி ஆனது, அவ்வளவுதான்.

அன்று காப்பி அவள் மட்டும் குடித்தாள்.

மூன்றாவது ஞாயிறுதான் பார்த்தேன்.
நான் மேசையிலிருந்து துப்பாக்கியைத் தூக்குகிறபோது
முனை தரையைப் பார்க்கும்,
அப்படியே கொண்டுபோய் மூட்டைமேல் வைப்பேன்.
அவள் முதலில் மண்மேட்டின் உச்சியைக் காட்டிவிட்டு
மெல்ல இறக்குவாள்.
எங்கே கற்றாளோ, அவளுக்கே தெரியாது.

ஒரு தோட்டாவைக் காதருகே ஆட்டினேன்.
கிலுகிலு.
என் கச்சிதமான பொடி
கூட்டில் பாதிகூட நிறையவில்லை.
முனை தாழ்ந்தால் குண்டின் பக்கம் ஓடுகிறது,
உயர்ந்தால் நெருப்புப் பொட்டின் பக்கம் சாய்கிறது.
எடை அதே எடைதான்.
படுத்திருக்கிற இடம் வேறு,
பற்றுகிற விதம் வேறு,
கிளம்புகிற வேகமும் வேறு.
உமித் தோட்டாவை ஆட்டினேன்.
சத்தமே இல்லை.
அடைத்துக்கொண்டு கிடக்கிறது,
தேர்த் திருவிழா நாளில் டவுன் பஸ் மாதிரி.
சாய்வதற்கு யாருக்கு இடம்?

இத்தனை நாள் தராசு பொய் சொல்லவில்லை.
நான் கேட்டதற்குப் பதில் சொன்னது.

பெனினாவிடம் சொன்னேன்.
“அப்படியா” என்றாள்,
காலி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு.
“சித்திரை வெயிலில் இந்த உமி என்ன ஆகும்?
எங்கள் மேட்டுக் குளிரில் என்ன ஆகும்?”
நோட்டில் அவளுக்கென்று
ஒரு பக்கத்தைக் காலியாக விட்டேன்.

திங்கள். எண்பது ஜோடி.
தட்டில் வைக்குமுன் ஒவ்வொரு கொலுசையும்
காதருகே ஆட்டினேன்.
முத்துக்குள் காலி இருந்தால்தான் கொலுசு பேசும்,
இங்கே அதற்குத்தான் காசு.
“நிறுக்கிறாயா, ஜோசியம் கேட்கிறாயா?”
என்றார் பட்டறைக்கார நாச்சிமுத்து.
நாற்பத்து மூன்றாவது ஜோடியில்
இடது கால் ஊமை.
எடை சரியாகத்தான் இருந்தது.
எடுத்துத் தனியே வைத்தேன்.